நல்ல வானிலைக்கு மட்டும் ஒரு விமானி

விமானியாகப் பணியாற்றும் ஒவ்வொருவரிடமும் ஒரு பதிவேடு இருக்கும். பறந்த நாள், விமானத்தின் வகை, புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், பறந்த நேரம் ஆகியவை அதில் வரிவரியாக எழுதப்படும். பணி ஓய்வு பெற்ற பின்னரும் என்னுடைய பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிறர் பார்வைக்கு அது கணக்குப் புத்தகம். எங்களுக்கு அதுவே ஜாதகம். வலப்பக்க இருக்கையில் அமரும் துணை விமானி, இடப்பக்க இருக்கையில் தலைமை விமானியாக அமர வேண்டுமானால், அந்தப் பதிவேட்டில் மணிகள் சேர வேண்டும். அதற்குரிய உரிமத்தைப் பெற நம் நாட்டில் குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மணிகள் சேர்ந்தால் உரிமம்; உரிமத்தோடு பணிமூப்பும் சேர்ந்தால் பதவி உயர்வு.

ஆகவே, ஒரு விமானியை வளரவிடாமல் தடுக்க அவரைப் பணிநீக்கம் செய்ய வேண்டியதில்லை. பறக்கும் வாய்ப்பைக் குறைத்தாலே போதும். மற்றவை தாமாகவே நடந்துவிடும். இந்த உண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் அனுபவித்தவர் அமெரிக்கப் பெண் விமானி ஹெலன் ரிச்சி. அவர் மறைந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவருடைய வாழ்க்கையை நான் அறிய நேர்ந்தபோது, என் பதிவேட்டின் சில பக்கங்களை மீண்டும் புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரத்தை அடுத்த மெக்கீஸ்போர்ட் என்னும் எஃகு ஆலை ஊரில், 1909-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் ஹெலன் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளர். கல்வியில் நாட்டம் கொண்ட அந்தக் குடும்பம், மகளின் விருப்பம் வகுப்பறையை விட்டு வானத்தை நோக்கித் திரும்பியபோது தடை சொல்லவில்லை. இருபதாவது வயதில் ஹெலன் விமானம் ஓட்டக் கற்றார். உரிமம் பெற்றதும் தந்தையே அவருக்கு ஒரு விமானம் வாங்கிக் கொடுத்தார். பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம் அது என்பதை நினைவில் கொண்டால், அந்தத் தந்தையின் துணிவு விளங்கும்.

விமானிகளுக்கு அன்று பெயர் வாங்கித் தந்தவை பந்தயங்களும் சாதனைப் பறப்புகளும்தாம். 1933 டிசம்பரில், ஃபிளோரிடா மாநிலத்தின் மயாமியில், ஹெலனும் பிரான்சிஸ் மார்சாலிஸ் என்ற மற்றொரு பெண் விமானியும் தரையிறங்காமல் தொடர்ந்து வானில் இருக்கும் சாதனைக்குப் புறப்பட்டனர். மேலே பறக்கும் இன்னொரு விமானத்திலிருந்து குழாய் வழியாக எரிபொருளை வாங்கிக்கொண்டு, மாறி மாறி ஓட்டி, ஏறத்தாழ பத்து நாள்கள் அவர்கள் வானிலேயே இருந்தனர். மொத்தம் 237 மணி 42 நிமிடம். எரிபொருள் வாங்கும் முயற்சியில் விமானத்தின் மேலுறைத் துணி ஒருமுறை கிழிந்தது. பறந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து வெளியே ஊர்ந்து சென்று ஹெலன் அதைச் சரிசெய்தார்.

விமானி அறையில் இருவருக்கு இடையே நிலவ வேண்டிய உறவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. ஒருவர் உறங்கும்போது மற்றவர் கையில் இருவர் உயிரும் இருக்கிறது. ஒருவர் வெளியே ஊரும்போது, உள்ளே இருப்பவர் விமானத்தை அசையாமல் வைத்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை உத்தரவு போட்டு உண்டாக்க முடியாது. சேர்ந்து பறந்துதான் வளர்க்க முடியும்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பெண்களுக்கென்றே தேசிய விமானப் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. அதன் முதன்மைப் பந்தயத்தில் ஹெலன் வென்றார். அதே போட்டியில் அவருடைய தோழி மார்சாலிஸ் விமானம் விழுந்து உயிரிழந்தார். பத்து நாள்கள் உயிரை ஒப்படைத்துப் பறந்த துணையை இழந்த இடத்திலேயே அவர் வெற்றிக் கோப்பையையும் பெற வேண்டியிருந்தது.

பந்தய வெற்றி புகழைத் தரும், சோறு போடாது. நிலையான வேலை என்றால் அது விமான நிறுவன வேலைதான். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் அப்போது இரண்டு சிறு நிறுவனங்கள் கடுமையாக மோதிக்கொண்டிருந்தன. ஒன்று, பென்சில்வேனியா ஏர்லைன்ஸ். மற்றொன்று, 1934-இல் அரசின் அஞ்சல் ஒப்பந்தத்தைக் கைப்பற்றியிருந்த சென்ட்ரல் ஏர்லைன்ஸ். வாஷிங்டனையும் டெட்ராய்ட்டையும் பிட்ஸ்பர்க் வழியாக இணைக்கும் ஒரே தடத்தில் இரண்டும் பயணிகளுக்காகப் போட்டியிட்டன. போட்டியில் முந்துவதற்குச் செய்தித்தாள்களின் கவனம் தேவைப்பட்டது. துணை விமானி பணிக்கு விண்ணப்பித்த ஆண்களை விலக்கிவிட்டு, 1934 டிசம்பரில் ஹெலன் ரிச்சியை சென்ட்ரல் ஏர்லைன்ஸ் நியமித்தது. அமெரிக்காவில் அட்டவணைப்படி பயணிகளையும் அஞ்சலையும் ஏற்றிச்சென்ற நிறுவனமொன்றில் முறையான நியமனம் பெற்ற முதல் பெண் விமானி என்று வரலாறு அவரைப் பதிவு செய்கிறது.

அந்த நியமனத்தில் விளம்பர நோக்கம் இருந்தது உண்மை. ஆனால், அவருக்குத் தகுதி இல்லை என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அவர் கையில் முறையான உரிமம் இருந்தது. பதிவேட்டில் ஆயிரம் மணிக்கும் குறையாத பறப்பு அனுபவம் இருந்தது.

1934-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று, வாஷிங்டனிலிருந்து டெட்ராய்ட் செல்லும் ஃபோர்டு டிரைமோட்டார் விமானத்தில் துணை விமானியாக அவர் முதன்முறை பறந்தார். மூன்று எஞ்சின்கள் கொண்ட, நெளிதகடு போர்த்திய விமானம் அது. தகர வாத்து என்று அதற்கொரு செல்லப்பெயரும் உண்டு. இறக்கை எஞ்சின்களின் அளவுமானிகள் விமானி அறைக்குள் இல்லை. வெளியே, எஞ்சினைத் தாங்கும் கம்பிகளில் பொருத்தப்பட்டிருந்தன. சன்னல் வழியாக எட்டிப் பார்த்துத்தான் அவற்றைப் படிக்க வேண்டும். இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது. திருப்புவளையமும் மிதிகளும் கனமானவை. அப்படிப்பட்ட விமானத்தில் இரண்டு விமானிகளும் ஒருவரையொருவர் நம்பியே ஆக வேண்டும்.

எதிர்ப்பு விமானி அறையின் வெளியிலிருந்து வந்தது. டேவிட் பென்கி தலைமையில் 1931-இல் தோன்றிய விமானிகள் சங்கம், அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. பெண்களுக்குச் சங்கத்தில் இடமில்லை என்பது அதன் நிலைப்பாடு. கொந்தளிப்பான வானிலையில் டிரைமோட்டாரைக் கட்டுப்படுத்தும் உடல்வலு பெண்ணுக்கு இருக்காது என்பது பரப்பப்பட்ட காரணம்.

அந்தச் சங்கத்தை வெறும் வில்லனாகச் சித்திரிப்பது நியாயமாகாது. 1934 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு தனியார் நிறுவனங்களின் அஞ்சல் ஒப்பந்தங்களை ஒரேயடியாக ரத்து செய்து, அஞ்சல் பறப்பை ராணுவத்திடம் ஒப்படைத்தது. விமானிகள் பலர் வேலை இழந்தனர். சில மாதங்களில் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டாலும் அச்சம் அகலவில்லை. விமானிகளைக் கசக்கிப் பிழியக் கூடாது, மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்க வைக்கக் கூடாது என்ற உரிமையை அதே ஆண்டில்தான் சங்கம் போராடிப் பெற்றிருந்தது. ஒரு விமானியின் வாழ்வைப் பறப்பு மணிகளே தீர்மானிக்கின்றன என்பதை அந்தச் சங்கத்தைவிட நன்கு அறிந்தவர்கள் யாருமில்லை. அந்த அறிவுதான் ஹெலனுக்கு எதிராகப் பயன்பட்டது.

அரசின் வணிகத் துறையில் விமானப் போக்குவரத்தைக் கவனித்த பிரிவும் தன் பங்குக்கு ஓர் அறிவுரையை நிறுவனத்துக்கு அனுப்பியது. வானிலை நன்றாக இருக்கும் நாள்களில் மட்டும் ஹெலனைப் பறக்கவிடலாம் என்பது அதன் சாரம். பிட்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள அலகெனி மலைத்தொடரின் வானிலையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பனிக்காலத்தில் அங்கே தெளிந்த வானம் என்பது அரிய விருந்தாளி. பெயருக்கு வேலை இருந்தது, ஊதியம் இருந்தது, சீருடை இருந்தது. பறப்பு மட்டும் இல்லை. பறக்காத நாள்களில் நிறுவனத்தின் பெருமையைப் பேசவும், புகைப்படங்களுக்கு நிற்கவும் அவர் அனுப்பப்பட்டார். பணியிலிருந்த ஏறத்தாழ பத்து மாதங்களில் அவர் சென்று திரும்பிய பயணங்கள் ஒரு டஜனுக்கும் குறைவு.

இதில் ஒரு நுட்பமான சூழ்ச்சி இருக்கிறது. கடும் வானிலையில் பறக்க அனுபவம் போதாது என்று சொல்லி ஒருவரைத் தரையில் நிறுத்துகிறார்கள். தரையில் நிற்பதால் அவருக்கு அந்த அனுபவம் கிடைப்பதில்லை. அனுபவம் இல்லை என்பதே பிறகு அவருக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. நீச்சல் தெரியும்வரை குளத்தில் இறங்காதே என்பது போன்ற தர்க்கம் இது. 1935-இல் ஹெலன் தம் பணியைத் துறந்தார். புகழ்பெற்ற விமானி அமீலியா ஏர்ஹார்ட் அவருக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். பெண்ணுரிமை அமைப்பினரும் கண்டித்தனர். எதுவும் மாறவில்லை. மறு ஆண்டு, மோதிக்கொண்டிருந்த அந்த இரு நிறுவனங்களும் ஒன்றாக இணைந்தன. விளம்பரத்தின் தேவையும் அத்துடன் தீர்ந்தது.

இந்த இடத்தில்தான் என் பதிவேட்டைப் புரட்ட வேண்டியதாயிற்று என்றேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, சிறு நகரங்களை இணைக்கும் இரட்டை எஞ்சின் விமானங்களில் நான் தலைமை விமானியாக இருந்தேன். வட்டாரச் சேவை என்பது விமானிகளின் தொடக்கப்பள்ளி. ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்க வேண்டியிருப்பதால், இளம் துணை விமானிகள் தொழிலை அங்கேதான் கற்கிறார்கள். என்னுடன் பறந்தவர்களில் ஓர் இளம்பெண்ணும் உண்டு. பக்கவாட்டுக் காற்று சற்று வலுத்தாலும், ஓடுபாதை ஈரமாக இருந்தாலும், தரையிறக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்வேன். விதிகள் அனுமதித்த நாள்களிலும் அப்படித்தான். அவருக்குச் சிரமம் தரக் கூடாது என்பது என் எண்ணம். அதை அன்பு என்றே கருதினேன்.

ஒருநாள் பயணம் முடிந்து எஞ்சின்களை நிறுத்திய பின், அவர் தம் பதிவேட்டை என் முன் விரித்து வைத்தார். குறை எதுவும் சொல்லவில்லை. அந்தப் பருவத்தில் அவர் தாமே தரையிறக்கிய நாள்களை மட்டும் பென்சிலால் குறித்திருந்தார். விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டுக்கு வந்து என் பதிவேட்டைப் பார்த்தேன். அதே மாதங்களில், ஏறக்குறைய அதே வானிலையில், என்னுடன் பறந்த இளைஞர்களுக்குத் தாராளமாக வாய்ப்புக் கொடுத்திருந்தேன். அவர்கள் தடுமாறியபோது பக்கத்திலிருந்து திருத்தியிருந்தேன். தடுமாறும் உரிமையைக்கூட நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. நல்ல வானிலைக்கு மட்டும் என்ற அறிவுரையை எவரும் எனக்கு எழுதி அனுப்பவில்லை; எனக்குள்ளேயே அது இருந்தது.

ஹெலன் ரிச்சியின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. எந்த அரசுப் பிரிவு அவரை நல்ல வானிலைக்கு மட்டும் என்று ஒதுக்கியதோ, அதே பிரிவு பின்னர் அவரை வேலைக்கு எடுத்தது. வழி தவறும் விமானிகள் மேலிருந்து படிப்பதற்காகக் கட்டடக் கூரைகளில் ஊர்ப் பெயர்களைப் பெரிய எழுத்தில் தீட்டும் திட்டம் அது. பெண் விமானிகள் சிலர் ஊர் ஊராகப் பறந்து சென்று அதை நடத்தினர். ஹெலன் அவர்களில் ஒருவர். தாம் ஓட்ட முடியாமல் போன பயணிகள் விமானங்களுக்கு வழிகாட்டும் எழுத்துகளை அவரே அமைத்துக் கொடுத்தார் என்பது காலத்தின் முரண். 1936-இல், நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறக்கும் புகழ்பெற்ற பெண்டிக்ஸ் பந்தயத்தில் அமீலியா ஏர்ஹார்ட்டுடன் இணைந்து பறந்து ஐந்தாவதாக வந்தார். பின்னர் பயிற்றுநர் உரிமம் பெற்று, போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தார்.

1942-இல் அவர் இங்கிலாந்து சென்றார். தொழிற்சாலைகளிலிருந்து போர் விமானங்களைப் படைத்தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் துணைப் படையில், ஜாக்குலின் காக்ரன் திரட்டிய அமெரிக்கப் பெண் விமானிகள் இருபத்தைந்து பேர் பணியாற்றினர். காக்ரன் தாயகம் திரும்பியதும் அவர்களுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு ஹெலனிடம் வந்தது. மேகமும் மூடுபனியும் ஓயாத இங்கிலாந்து வானத்தில், வானொலித் தொடர்பு இல்லாமல், தரையைப் பார்த்தே வழி கண்டு, ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போன்ற போர் விமானங்களை அந்தப் படையினர் கொண்டுசேர்த்தனர். கெட்ட வானிலை பெண்களுக்கு ஆகாது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஏனெனில், அங்கே ஆள் தேவைப்பட்டது.

1943-இல் நாடு திரும்பிய அவர், அமெரிக்க ராணுவத்துக்காகப் பறந்த மகளிர் விமானிகள் படையில் சேர்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பணியாற்றினர். 38 பேர் உயிரிழந்தனர். ஆயினும், போர் முடிவை நெருங்கியதும் அந்த வேலைகள் ஆண்களுக்கே வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1944 டிசம்பர் 20-ஆம் நாள் படை கலைக்கப்பட்டது. ஒரே கதவு ஹெலனின் முகத்துக்கு நேரே இரண்டாம் முறையாக மூடப்பட்டது.

போருக்குப் பின் ஆயிரக்கணக்கான ராணுவ விமானிகள் வேலை தேடி வந்தனர். விமான நிறுவனங்கள் அவர்களை வரவேற்றன. இரண்டு கண்டங்களில் பறந்த ஹெலனுக்கு விமானி வேலை கிடைக்கவில்லை. நியூயார்க் நகரில் ஒரு சிறு குடியிருப்பில் தனித்து வாழ்ந்தார். 1947 ஜனவரி 7-ஆம் நாள் அங்கே அவர் இறந்து கிடந்தார். தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டார் என்று கருதப்பட்டது. அப்போது அவருக்கு வயது 37. ஒரு மனிதரின் இறுதி முடிவுக்கு ஒற்றைக் காரணம் சொல்வது தவறு. நான் சொல்ல மாட்டேன். ஆனால், தலைமை விமானிகள் பலர் தம் தொழிலின் நடுப்பகலில் இருக்கும் வயது அது.

அமெரிக்காவில் அவர் விட்டுச்சென்ற இருக்கை நெடுங்காலம் நிரப்பப்படவில்லை. 1973 ஜனவரியில், டென்வர் நகரைத் தளமாகக் கொண்ட ஃபிரான்டியர் ஏர்லைன்ஸ் என்னும் வட்டார நிறுவனம் எமிலி ஹோவெல் வார்னரைப் பணியமர்த்தியது. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் பயிற்றுநராக இருந்தார். அவரிடம் கற்ற ஆண்கள் ஒவ்வொருவராக நிறுவனங்களில் சேர்ந்து முன்னேறியதைப் பார்த்துக்கொண்டு அவர் காத்திருந்தார். ஹெலனை ஏற்க மறுத்த அதே சங்கம் 1974-இல் வார்னரை உறுப்பினராக ஏற்றது. 1976-இல் அவர் தலைமை விமானியானார். ஹெலன் பதவி விலகியதிலிருந்து இந்தத் தலைமை இருக்கை வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வார்னருக்குக் கிடைத்தவை, ஹெலனுக்கு மறுக்கப்பட்டவைதாம்: தொடர்ச்சியான பறப்பு, பணிமூப்புப் பட்டியலில் இடம், சங்கத்தின் அங்கீகாரம்.

இன்று நம் நாட்டில் விமானிகளிடையே பெண்களின் விகிதம் உலகச் சராசரியைவிட இரு மடங்குக்கும் அதிகம். பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால், நியமனப் பட்டியலை மட்டும் பார்த்து நிறைவடைந்துவிடக் கூடாது என்பதே ஹெலனின் வாழ்க்கை கற்பிக்கும் பாடம். அவருக்கும் நியமனம் கிடைத்தது, புகைப்படமும் வெளிவந்தது. பார்க்க வேண்டியது அடுத்த பக்கம்: யாருக்கு எத்தனை மணி கிடைக்கிறது, கடினமான ஓடுபாதைகளில் தரையிறக்கும் வாய்ப்பு யாருக்குத் தரப்படுகிறது, எத்தனை ஆண்டில் யார் இடப்பக்கம் மாறுகிறார். இது பெண்களுக்கு மட்டும் உரிய கேள்வியும் அன்று. மூத்தவரின் மனநிலையை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு இளம் விமானிக்கும் உரியது.

இதில் பயணிகளின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. மூத்தவரின் தவறைக் கண்டும் இளையவர் சொல்லத் தயங்கியதால் நேர்ந்த விபத்துகளைக் கண்டு, 1970-களின் இறுதியிலிருந்து விமானி அறை உறவுகளுக்கென்றே தனிப் பயிற்சி உருவானது. தன் கையில் விமானத்தை ஒப்படைக்காத மூத்தவரிடம் இளையவர் வாய் திறப்பது அரிது. நம்பிக்கை இரு திசையிலும் செல்ல வேண்டும். அதைத் தொடங்கிவைக்க வேண்டியவர் இடப்பக்கம் அமர்ந்திருப்பவர்.

அந்த இளம்பெண் பின்னர் வேறு நிறுவனத்துக்குச் சென்று தலைமை விமானியானார். அது என் தயவால் நடந்ததன்று. நான் திருந்திய பின் அவருக்குக் கொடுத்த வாய்ப்புகள், முன்பு பறித்தவற்றுக்கு ஈடாகாது. அடைமழை பெய்த ஒரு மாலையில் அவர் விமானத்தைத் தரையிறக்கிய வரி என் பதிவேட்டில் இருக்கிறது. காற்று பக்கவாட்டில் வீசியது. என் கைகள் மடியில் இருந்தன. ஹெலன் ரிச்சியின் பக்கத்தில் அமர்ந்த தலைமை விமானிகளுக்கும் அப்படிப்பட்ட மாலைகள் வாய்த்திருக்கக் கூடும், வாய்க்கவிடவில்லை.